வீடியோக் கோப்பு இடம் மாறும்போது

கண்ணாற் கண்டதைப் பிறர் கண்ணுக்கும் காட்டவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. அந்த ஆசையை நிறைவேற்றும் கருவி இன்று சட்டைப்பையில் அடங்கிவிட்டது. கைத்தொலைபேசி வைத்திருப்பவர் யாவரும் படம் பிடிக்கின்றனர். கணினி வைத்திருப்போரிற் பலர் அப்படத்தை வெட்டி ஒட்டித் தொகுக்கவும் கற்றுக்கொண்டுள்ளனர். படம் பிடிப்பது எளிதாயிற்று, தொகுப்பதும் எளிதாயிற்று. ஆனால் ஒரு மென்பொருளில் இருந்த படத்தை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுசெல்வது மட்டும் இன்னும் எளிதாகவில்லை.

ஓரிடத்தில் ஒழுங்காக ஓடிய படம் மற்றோரிடத்திற் கறுப்புத் திரையாக நிற்கும். ஒலி மாத்திரம் கேட்கும். சிலவேளை படம் ஓடும், ஒலி இராது. சிலவேளை இரண்டும் இருக்கும்; ஆனால் உதடு அசைந்து சற்றுக் கழித்தே சொல் வந்து சேரும். முகங்கள் வெளிறித் தோன்றுவதும், ஓடும் வண்டியின் விளிம்பு சீப்புப் பல்லைப் போலக் கிழிந்து காண்பதும் உண்டு. இவற்றைக் கண்டதும், “கோப்பு பழுதாகிவிட்டது” என்று முடிவுகட்டி அழித்துவிடுவோரும் உளர். இது பெருந்தவறு. மணவறைக் காட்சி மறுமுறை நிகழாது. முதியவர் ஒருவர் தம் வாயாற் சொன்ன வாழ்க்கைக் கதையை, அவர் மறைந்தபின் திரும்பப் பதிவுசெய்ய இயலாது. உண்மையில் இத்தகைய கோப்புகளுட் பெரும்பாலானவை பழுதற்றவை. அவற்றைப் படிக்கத் தெரியாத மென்பொருளிடம் அவை கொடுக்கப்பட்டுவிட்டன, அவ்வளவே.

இதற்குக் காரணம் என்ன? முதலிலே ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது நன்று. இன்று வழக்கிலுள்ள உயர்தெளிவுப் படத்தில் ஒரு பிரேமுக்குக் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள. பெருக்கினால் ஏறக்குறைய 20 இலட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட் வேண்டும். ஆகவே ஒரு பிரேமுக்கு 62 இலட்சம் பைட். இலங்கையிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சி முறைப்படி விநாடிக்கு 25 பிரேம்கள். இவ்வாறு ஒரு மணிநேரப் படத்தை உள்ளபடியே எழுதிவைத்தால் ஏறக்குறைய 560 கிகாபைட் ஆகும். சாதாரணக் கமெராவின் அட்டை இச்சுமையைத் தாங்காது. எனவே கமெரா தான் கண்டதைச் சுருக்கி எழுதுகிறது. 2006 ஆம் ஆண்டில் சோனி, பானசோனிக் ஆகிய கம்பனிகள் அறிமுகஞ்செய்த ஏ.வி.சி.எச்.டி. முறையில் விநாடிக்கு 24 மெகாபிட் என்னும் வேகத்திற் பதிந்தால், அதே ஒரு மணிநேரம் 11 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஐம்பதில் ஒரு பங்கு!

இச்சுருக்கத்தைச் செய்வதும், சுருக்கியதை விரித்துக் காட்டுவதுமாகிய முறைக்கே கோடெக் என்று பெயர். சுருக்கெழுத்தை உவமையாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். சபையிலே பேசுவதை ஒருவர் சுருக்கெழுத்திற் குறித்துக்கொள்கிறார். அம்முறையைக் கற்ற வேறொருவர் அதனை வாசித்து விரித்தெழுதுவார். வேறு முறையைக் கற்றவருக்கோ அது வெறுங் கீறலும் புள்ளியுமே. தாளிலும் குறையில்லை, மையிலும் குறையில்லை, வாசிப்பவர் கற்ற முறை வேறு. கோடெக் சிக்கலின் சாரம் இதுதான்.

இங்கே இன்னொரு மயக்கமும் உண்டு. எழுதிய தாள் ஓர் உறைக்குள் இருக்கிறது. உறையின்மேல் எழுதிய பெயரைக் கண்டு உள்ளே எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று சொல்லமுடியுமா? அப்பிள் கம்பனி 1991 இல் குவிக்டைமுடன் வெளியிட்ட எம்.ஓ.வி., மைக்ரோசொப்ட் கம்பனி 1992 இல் வெளியிட்ட ஏ.வி.ஐ., பின்வந்த எம்.பி.4, ஒளிபரப்பு நிலையங்கள் கையாளும் எம்.எக்ஸ்.எவ். ஆகியன யாவும் உறைகளே. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துக்கள் உறையின் பெயரைச் சொல்லுமேயன்றி, உள்ளிருக்கும் கோடெக்கின் பெயரைச் சொல்லா. எம்.ஓ.வி. என்ற ஒரே பெயருள்ள இரு கோப்புகளில் ஒன்றினுள் எச்.264 இருக்கலாம், மற்றதனுள் புரோரெஸ் இருக்கலாம். ஒன்று திறக்கும், மற்றது திறவாது. ஆதலால், “எம்.ஓ.வி. திறக்கவில்லை” என்று முறையிடுவது, “உறையிலிட்ட கடிதம் விளங்கவில்லை” என்று முறையிடுவதையே ஒக்கும். கோப்பின் வாற்பெயரை மாற்றியெழுதுவதாலும் பயனில்லை. உறையின் மேற்பெயரை அழித்தெழுதினால் உள்ளிருக்கும் எழுத்து மாறிவிடாது.

ஆகவே சிக்கல் தோன்றியதும் செய்யவேண்டிய முதற்காரியம் மாற்றுவதன்று; அறிவது. வைத்தியர் நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுப்பார். மீடியா இன்போ என்னும் இலவச மென்பொருளும், எவ்.எவ்.எம்.பெக் தொகுதியுடன் வரும் எவ்.எவ்.புரோப் என்னும் கருவியும் கோப்பின் நாடியைப் பார்த்துச் சொல்ல வல்லவை. உறை எது, படத்தின் கோடெக் எது, ஒலியின் கோடெக் எது, விநாடிக்கு எத்தனை பிரேம், அவ்வேகம் நிலையானதா மாறுவதா, நிறத்தின் ஆழம் எத்தனை பிட், படம் முழுப்பிரேமாக உள்ளதா, ஒன்றுவிட்ட வரிகளாக உள்ளதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. திறக்கும் கோப்பொன்றையும் திறவாத கோப்பொன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்புநோக்கினால், எது வேறுபடுகின்றதோ அதுவே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

சிலவேளைகளில் வேறுபாடு மிக அற்பமானதாயிருக்கும். 2013 இல் நியமமாக்கப்பட்ட எச்.265 என்னும் கோடெக்கை எம்.பி.4 உறையில் இடும்போது, நான்கெழுத்துக் குறியொன்று முகப்பிலே பொறிக்கப்படுகிறது. எச்.வி.சி.1 என்பது ஒரு குறி, எச்.ஈ.வி.1 என்பது இன்னொரு குறி. அப்பிளின் குவிக்டைம் முன்னதை ஏற்கும்; பின்னதைத் திறவாது. உள்ளிருக்கும் படமோ இரண்டிலும் ஒன்றே. எவ்.எவ்.எம்.பெக் கொண்டு படத்தைத் தொடாமல் குறியை மட்டும் மாற்றினாற் போதும். சில விநாடிகளிற் காரியம் முடிந்துவிடும். இதை அறியாதவர், மணிக்கணக்காகக் கணினியை ஓடவிட்டுப் படம் முழுவதையும் புதிதாகச் சுருக்கி, தரத்தையும் நேரத்தையும் ஒருங்கே இழப்பார்.

கோப்பு திறந்துவிட்டது, ஆயினும் தொகுக்கும்போது படம் தள்ளாடித் தள்ளாடி நகர்கிறது என்பது மற்றொரு முறைப்பாடு. எச்.264, எச்.265 ஆகியன அஞ்சலுக்கு ஏற்ற கோடெக்குகள். மேசை வேலைக்கு ஏற்றவையல்ல. அவை எல்லாப் பிரேம்களையும் முழுமையாக எழுதுவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் பிரேமை எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றில் மாற்றங்களை மாத்திரமே குறிக்கின்றன. பார்ப்பவர் முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பதானால் இதனால் இடர்ப்பாடில்லை. தொகுப்பவரோ நடுவிலே குதிக்கிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், ஒரு பிரேமில் நின்று வெட்டுகிறார். அந்த ஒரு பிரேமைக் காட்டுவதற்குக் கணினி முன்னும் பின்னும் பல பிரேம்களை விரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவிட் கம்பனி 2004 இல் டி.என்.எக்ஸ்.எச்.டி. என்னும் கோடெக்கையும், அப்பிள் கம்பனி 2007 இல் புரோரெஸ் என்னும் கோடெக்கையும் வெளியிட்டமை இக்குறையை நீக்குவதற்கே. இவற்றில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியே முழுமையாக எழுதப்படும். ஆகையால் கணினிக்கு வேலை குறைவு. இடமோ அதிகம் வேண்டும். விநாடிக்கு 25 பிரேம் ஓடும் உயர்தெளிவுப் படத்தைப் புரோரெஸ் 422 இல் வைத்தால், மணிக்கு ஏறக்குறைய 55 கிகாபைட் ஆகும். அவ்வளவு இடமில்லாதவர் சிறுபிரதிகளைச் செய்து அவற்றில் தொகுத்து, முடிவில் மூலத்தோடு இணைத்துக்கொள்ளலாம். பிரபலமான தொகுப்பு மென்பொருள்கள் யாவும் இவ்வசதியைத் தருகின்றன.

கோடெக்குகளுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறத்தலாகாது. பல்லாண்டுகளாக விண்டோஸ் கணினிகளிலும் அப்பிளின் குவிக்டைம் இயங்கிவந்தது. பல தொகுப்பு மென்பொருள்கள் அதன் தோளிற் சாய்ந்தே எம்.ஓ.வி. கோப்புகளைத் திறந்தன. 2016 ஏப்ரலில் அதிற் பாதுகாப்புக் குறைகள் இரண்டு வெளியாயின. அப்பிள் அதனைத் திருத்த முன்வரவில்லை. அதை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினி அவசரப் பிரிவு அறிவுறுத்தியது. நீக்கியவர்களுட் பலருக்குப் பழைய கோப்புகள் திறவாமற் போயின. அடோபியின் பிரீமியர் புரோவும் 2018 ஏப்ரலில் பழைய குவிக்டைம் கோடெக்குகளைக் கைவிட்டது. பின்னர் 2019 ஒக்டோபரில் அப்பிள் தன் கணினிகளுக்கு வெளியிட்ட காட்டலினா என்னும் இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை முற்றாக விலக்கியது; அவற்றோடு பழைய குவிக்டைமும், சொரன்சன் போன்ற பழைய கோடெக்குகளும் வழக்கொழிந்தன. அதற்கு முந்திய மொஹாவி இயங்குதளம் உள்ள கணினியில் அப்பழைய கோப்புகளைத் திறந்து புதிய முறைக்கு மாற்றிக்கொள்ள வழியிருந்தது. அவ்வழியைக் காலத்தோடு பயன்படுத்தியோர் தப்பினர். பெட்டியிற் போட்டுப் பூட்டி வைத்தோர், பத்தாண்டுகளுக்கு முன் தாங்களே பிடித்த படத்தைத் தங்கள் கணினியிலேயே பார்க்கமுடியாமற் கலங்கினர்.

இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபாடு உண்டு. புரோரெஸ் அப்பிளின் பிள்ளையாதலால், விண்டோஸ் கணினியில் அதனை வாசிக்க முடிந்தாலும் எழுதுவது நெடுங்காலம் கடினமாயிருந்தது. பிரீமியர் புரோவில் அவ்வசதி வந்தது 2018 டிசெம்பரிலேதான். டாவின்சி ரிசொல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு லினக்ஸ் இயங்குதளத்தில் எச்.264 கோப்புகளைத் திறவாமல் பல ஆண்டுகள் இருந்துவந்தது. ஐபோன்கள் 2017 முதல் எச்.265 இற் படம் பதியத் தொடங்கியபோது, அதனை விரிக்கும் வசதியற்ற பழைய கணினிகள் கறுப்புத் திரையைக் காட்டின. ஆகவே கோப்பைக் கொடுப்பவர், வாங்குபவரின் மென்பொருள் எது, இயங்குதளம் எது என்று முன்னரே கேட்டறிவது இருவருக்கும் நலம்.

இனி ஒலியும் படமும் பிரிந்துபோகும் சிக்கல். இங்கே முதலிற் கவனிக்கவேண்டியது ஒன்று: விலகல் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவினதா, அல்லது நேரஞ்செல்லச் செல்லக் கூடுகின்றதா? ஒரே அளவினதாயின் ஒலியைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினாற் போதும். கூடிக்கொண்டு போவதாயின் வேகக் கணக்கிலே பிழை. அமெரிக்க முறையில் 30 என்று வாயாற் சொல்லப்படுவது உண்மையில் 29.97. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினால், ஒரு மணிநேரப் படத்தில் 3.6 விநாடி விலகிவிடும். கைத்தொலைபேசிப் படங்களில் வேறொரு தொல்லை. வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்ப அவை பிரேம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிகின்றன. படம் காட்டும் மென்பொருள் இதைச் சமாளித்துக்கொள்ளும். தொகுப்பு மென்பொருள் பெரும்பாலும் நிலையான வேகத்தையே எதிர்பார்க்கும். இத்தகைய கோப்பை, ஹாண்ட்பிரேக் போன்ற மென்பொருளினால் நிலையான வேகமுள்ளதாக மாற்றிய பின்னரே தொகுப்பிற் சேர்க்கவேண்டும். பாதி தொகுத்தபின் மாற்றினால் வெட்டிய இடங்களெல்லாம் பிசகிப்போம்.

நிறம் வெளிறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. தொலைக்காட்சி வழக்கில், 8 பிட் அளவையின்படி, கரிய நிறத்தை 16 என்றும் வெண்மையை 235 என்றும் குறிப்பர். கணினி வழக்கில் கருமை 0, வெண்மை 255. முதல்வகைக் கோப்பை இரண்டாம் வகையென்று மென்பொருள் கருதிவிட்டால், கருமை சாம்பலாகும், வெண்மை மங்கும். மாறிக் கருதினால், இருளிலும் ஒளியிலும் உள்ள நுண்மைகள் மறையும். இதைக் கண்டு நிறத்தைத் திருத்தும் கருவிகளைத் திருகத் தொடங்குவது வீண்வேலை. கோப்பின் அளவை எதுவென்று மென்பொருளுக்கு அறிவிக்கும் இடத்திலேயே திருத்தவேண்டும். சீப்புப் பல்லைப் போன்ற கிழிவும் இவ்வாறே. ஒன்றுவிட்ட வரிகளாகப் பதிந்த படத்தில் எவ்வரித்தொகுதி முந்தியது என்னும் ஒழுங்கு உண்டு. பழைய டி.வி. நாடாவிற் கீழ்வரிகள் முந்தும். உயர்தெளிவுப் படத்தில் மேல்வரிகள் முந்தும். இரண்டையும் கலந்து தொகுப்போர் இவ்வொழுங்கைக் கவனியாவிடின் அசைவெல்லாம் நடுங்கும்.

படக்கோப்பன்றித் தொகுத்த வேலையையே ஒரு மென்பொருளிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோவதாயின் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஈ.டி.எல்., எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எவ். என்பன இதற்கான தூதுவர்கள். இவை பெரும்பாலும் படத்தைச் சுமந்து செல்வதில்லை. எந்தக் கோப்பில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை எடுக்கப்பட்டது என்னும் குறிப்பையே கொண்டுசெல்கின்றன. ஆகவே வழியிற் கோப்பின் பெயரையோ நேரக்குறியையோ மாற்றினால், சேருமிடத்தில் மென்பொருள் “கோப்பைக் காணவில்லை” என்று சொல்லும். நிற மாற்றங்களும் எழுத்தலங்காரங்களும் முழுமையாகச் செல்லும் என்று நம்புவதற்கில்லை. ஒரே கம்பனிக்குள்ளும் இத்துன்பம் நேர்ந்ததுண்டு. 2011 யூனில் அப்பிள் வெளியிட்ட பைனல் கட் புரோ எக்ஸ், தனக்கு முந்திய பதிப்பிற் செய்த வேலைகளைத் திறக்க இயலாததாயிருந்தது. அதனை நம்பியிருந்த தொழிலாளர் பலர் அக்காலத்தில் வேறு மென்பொருள்களை நாடிச் சென்றனர். கமெரா அட்டையிலிருந்து பிரதி எடுக்கும்போதும் படத்துண்டுகளை மாத்திரம் பொறுக்கியெடுக்கக்கூடாது. நீண்ட காட்சிகளைக் கமெரா பல துண்டுகளாக வெட்டி வைத்திருக்கலாம். அவற்றை இணைக்கும் குறிப்புகள் பக்கத்துக் கோப்புறைகளில் இருக்கும். அட்டை முழுவதையும் உள்ளபடி பிரதி செய்தலே முறை.

கோடெக்கை மாற்றுவது தவிர்க்கமுடியாததாயின், அதற்கும் ஒரு நெறி உண்டு. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதியவர்கள் ஒவ்வொருவரும் ஓரெழுத்தை விட்டிருப்பர். பத்தாவது பிரதியிற் பொருளே மாறியிருக்கும். சுருக்கிய படத்தை விரித்து மறுபடி சுருக்குவதும் அவ்வாறே. கமெரா எறிந்துவிட்ட நுண்மையை எந்தக் கோடெக்கும் திரும்பக் கொண்டுவராது. சிறிய கோப்பைப் பெரிய புரோரெஸாக மாற்றினால், தொகுக்கும் வசதி கூடும், தரம் கூடாது. ஆகவே மாற்றுவதானால் ஒரே முறை, அதுவும் மூலத்திலிருந்தே மாற்றவேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தலாகாது. உறை மாத்திரம் பொருந்தாதிருந்தால், எழுத்தைத் தொடாமல் உறையை மாற்றினாற் போதும். முழுப்படத்தையும் மாற்றுமுன் பத்து விநாடித் துண்டொன்றை மாற்றிச் சேருமிடத்தில் ஓட்டிப் பார்ப்பது, ஓரிரவு வேலையை மிச்சப்படுத்தும். ஒரு தடவையில் ஒரு மாற்றத்தையே செய்யவேண்டும். நான்கை ஒருங்கே மாற்றிப் படம் ஓடிவிட்டால், நோய் எது, மருந்து எது என்று அறியாமலே போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூலக்கோப்பை அழிக்கக்கூடாது. மாற்றிய பிரதி நன்றாக ஓடுகிறதென்று மகிழ்ந்து மூலத்தை நீக்கியவர், அப்பிரதியின் நடுவே ஒலி அறுந்திருப்பதைப் பின்னர் கண்டு வருந்துவார். நெடுங்காலம் பேணவேண்டியவற்றை, ஒரு கம்பனியின் விருப்பத்தைச் சாராத திறந்த முறையில் வைத்தலும் விவேகமாகும். எவ்.எவ்.வி.1 என்னும் கோடெக் படத்திற் சிறிதும் இழப்பின்றிச் சுருக்குவது. அதன் விதிகள் 2021 இல் இணையப் பொறியியற் செயலணியால் யாவரும் வாசிக்கத்தக்க ஆவணமாக வெளியிடப்பட்டன. சுவடிச்சாலைகள் பல அதனைக் கையாள்கின்றன. விதி எழுத்தில் உள்ளவரை, இன்றைய மென்பொருள்கள் யாவும் மறைந்தாலும், நாளை ஒருவர் அதனை வாசிக்கும் மென்பொருளைப் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

கறுப்புத் திரையைக் கண்டவுடன் அழிக்கும் பொத்தானை நாடாமல், உறை எது, எழுத்து எது, வாசிப்பவர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேட்போர்க்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து, வழக்கொழியும் நிலையிலுள்ளவற்றை இன்னும் வாசிக்கத்தக்க கணினி இருக்கும்போதே மாற்றி வைப்போரின் வீட்டில், பேரப்பிள்ளைகளும் அந்த மணவறையைக் காண்பர். அந்த முதியவரின் குரலையும் கேட்பர்.